எங்கள் அமைச்சர் குழுவில் இருக்கிறார்

செங்கம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊருக்குள்ளிருந்து வெடிச் சத்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் சாயங்கால நேரத்தில் வெடி கேட்டால் பெரும்பாலும் யாரையோ எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வயதானவர்கள் ஒவ்வொருவராக நினைவில் வந்து போனார்கள். எதிரே வந்த பக்கத்து வீட்டு அண்ணனை நிறுத்தி, யார் போய்விட்டார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சாவு இல்ல பாப்பா. நம்ம மந்திரிய கமிட்டில போட்டுட்டாங்க. இப்பத்தான் டிவில சொன்னான். இனிமே நம்ம நெலத்துல எவன் கால வெப்பான், பாத்துடலாம்."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். பால் சொசைட்டி முன்னால் சரவெடியின் சிவப்புக் காகிதம் தரையெல்லாம் கிடந்தது. யாரோ எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். சந்தோஷப்படுகிறவர்கள் நடுவில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நிற்பது நல்லதில்லை. முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் வீட்டுக்குள் போனேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்தேன். இப்போது திருவண்ணாமலையில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு ஆட்சியியல் நடத்துகிறேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு. போளூரிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் வருகிற பிள்ளைகள் நான் சொல்வதை வரிக்கு வரி எழுதிக்கொள்ளும்போது, என் அம்மாவும் அப்பாவும் ஒருநாள் பின் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

நான் நன்றாக நடத்துகிற பாடங்களில் அமைச்சரவைக் குழுக்கள் ஒன்று. மற்ற ஆசிரியர்கள் அதை இரண்டு நிமிடத்தில் தாண்டிப் போவார்கள். எனக்கு அதில்தான் ஈர்ப்பு. அரசியலமைப்புச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் அமைச்சரவைக் குழு என்ற பேச்சு வராது. ஆனால் ஆட்சி நடப்பதில் பெரும்பகுதி அங்கேதான். அமைச்சரவை முழுக்கக் கூடி ஒவ்வொரு விஷயத்தையும் அலச நேரம் இருக்காது. ஆகவே முதலமைச்சர், அலுவல் விதிகள் கொடுக்கிற அதிகாரத்தில், சில அமைச்சர்களைப் பொறுக்கி ஒரு குழு அமைக்கிறார். யார் உள்ளே, யார் வெளியே, எதைப் பேசலாம், எப்போது கலையலாம் எல்லாம் அவர் தீர்மானம். சில குழுக்கள் நிரந்தரமாக இருக்கும். சில, ஒரே ஒரு விவகாரத்துக்காகப் பிறந்து, அது முடிந்ததும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

துறை ஒரு குறிப்பு தயாரிக்கும். நிதித்துறை கருத்துச் சொல்லும், சட்டத்துறை கருத்துச் சொல்லும். அந்தக் குறிப்பை மேசைமேல் வைத்துக்கொண்டு அமைச்சர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். உள்ளே என்ன வாக்குவாதம் நடந்தாலும் வெளியே ஒரு வார்த்தை வராது. பதவியேற்கும்போதே ஒவ்வொருவரும் இரண்டு உறுதிமொழி எடுக்கிறார்கள்: ஒன்று பதவிக்கு, இன்னொன்று ரகசியத்துக்கு. முடிவு எடுத்த பிறகு அது எல்லாருடைய முடிவு. பிடிக்காதவர் ராஜினாமா செய்துவிட்டுப் பேசலாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிர்த்துப் பேச முடியாது. குழு சொன்னதை முழு அமைச்சரவை மாற்றலாம் என்று விதி இருக்கிறது. மாற்றுவது அபூர்வம். அமைச்சரவைக் கூட்டத்தின் பட்டியலில் ஒரு வரியாக வந்து ஒரு வரியாகப் போகும்.

அதனால்தான் வெடிச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

விவகாரம் இதுதான். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தியாகிறது. பௌர்ணமி அன்று டவுனுக்குள் பஸ்ஸே வராது, எல்லாவற்றையும் வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஊருக்கு வெளியே பக்தர்களுக்காக ஒரு புது நகரியம் அமைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. தங்கும் விடுதிகள், வாகன நிறுத்தம், கடைத்தெரு, ஹெலிகாப்டர் இறங்க ஒரு தளம். அதற்கு எடுக்கப்போகிற நிலத்தில் எங்கள் ஊரின் மானாவாரிக் கொல்லிகளும் நஞ்சைக் கழனிகளும் வந்தன. எங்கள் அப்பாவின் நிலமும் வந்தது. கிணறும் அதைச் சுற்றி நெல்லும், மேட்டில் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், போடுகிற நிலம். என் படிப்பு அந்தக் கிணற்றிலிருந்து வந்தது. அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது, வேறு இடமும் தெரியாது.

அறிவிப்பு வந்த புதிதில் எங்கள் மாவட்டத்து அமைச்சர் ஊருக்கு வந்தார். ஜீப்பின் மேல் நின்று பேசினார். இது தன் துறை இல்லை என்றும், அமைச்சரவைக்கு இன்னும் வரவில்லை என்றும், வந்தால் முதல் எதிர்ப்பு தன்னுடையதாக இருக்கும் என்றும் சொன்னார். நானும் கூட்டத்தில் நின்று கேட்டேன். மனதிலிருந்து பேசினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவரும் விவசாயக் குடும்பத்துக்காரர்.

அடுத்த நல்ல நாளில் ஊர்ப் பெரியவர்கள் டவுனில் அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து, "இந்தக் காரியத்த உங்ககிட்ட ஒப்படச்சிட்டோம்" என்று சொல்லி நீட்டுவது. எதிராளி தட்டைத் தொட்டு வாங்கிக்கொண்டால் பொறுப்பு அவருடையது. எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டையிலிருந்து கோபித்துக்கொண்டு போன பெண்ணை அழைத்துவருவது வரை இப்படித்தான் ஒருவரிடம் விடுவார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் கையில் வைத்துவிட்ட காரியத்துக்காக இன்னொரு வாசலில் போய் நிற்கக் கூடாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருவர் பஞ்சாயத்தில் வெற்றிலை பாக்கு வைத்த பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரில் யாரும் போகவில்லை. சமைத்த சோற்றைப் பக்கத்து ஊர்க்காரர்களை அழைத்துப் போட்டார்கள்.

அமைச்சர் தட்டை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் திட்டத்தைப் பரிசீலிக்க அமைச்சர்கள் குழு அமைத்தார்கள். அதில் அவரையும் போட்டார்கள்.

வெடி வெடித்த அன்று இரவுச் சோற்றின்போது அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். இதுவரை அமைச்சருக்கு, என் துறை இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்ல இடம் இருந்தது. வெளியே நின்று முணுமுணுக்க இடம் இருந்தது. இனி இல்லை. குழுவின் முடிவில் அவர் கையும் இருக்கும். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரிந்தால் அந்த ஆளையே உள்ளே உட்கார வைப்பது ஒரு பழைய உத்தி என்றேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப உள்ள பேசலாமில்ல?"

"பேசலாம்ப்பா. இன்னா பேசினாருன்னு நமக்கு எப்பவும் தெரியாது."

"பேசாம இருந்தாலும் தெரியாது."

"தெரியாது."

அம்மா குழம்பு ஊற்ற வந்தவள், நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று என்னைக் கடிந்துகொண்டாள். ஊரே சந்தோஷமாக இருக்கும்போது என் வாய்க்கு மட்டும் கசக்கிறது என்றாள். அப்பா சாப்பிட்ட தட்டிலேயே ரொம்ப நேரம் கை வைத்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து அறிவிப்பு ஒட்டினார்கள். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், ரேஷன் கடையில், பால் சொசைட்டித் தூணில். நிலம் எடுப்பதில் ஆட்சேபணை உள்ளவர்கள் கெடு முடிவதற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. எல்லாரும் என்னைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். எல்லாருக்கும் மனு எழுதித் தருகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று அங்கேயே சொன்னேன். யாரும் சரி என்று சொல்லவில்லை. சாயங்காலம் சொசைட்டிக் கொட்டகையில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள்.

கொட்டகையில் பேசியவர் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன் முறை. சொசைட்டித் தலைவர், ஊர் நாட்டாண்மையும் அவர்தான். வெற்றிலைத் தட்டை நீட்டிய கையும் அவருடையது. என்னைக் காலேஜில் சேர்க்க அப்பாவுக்குத் துணையாக வந்து, பிரின்சிபாலிடம் இரண்டு வார்த்தை பேசியவரும் அவர்தான். அதனால் அவரிடம் நான் குரலை உயர்த்த மாட்டேன்.

மனு கொடுக்க வேண்டாம் என்றார் பெரியப்பா. காரணத்தை நிதானமாகச் சொன்னார்.

"வெத்தல பாக்கு வெச்சோம். அவரு எடுத்துகினாரு. இப்ப ஆண்டவன் புண்ணியத்துல முடிவு பண்ற எடத்துலயே உக்காந்துகினு இருக்காரு. நாம போயி கலெக்டர் ஆபீஸ்ல ஆளாளுக்கு மனு குடுத்தா இன்னா அர்த்தம்? உன்ன நம்பல, அதான் வேற வாசலுக்கு வந்தோம்னு அர்த்தம். நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு அவருகிட்ட நிக்கறது?"

நான் எழுந்து, அவர் உள்ளே நமக்காகப் பேச வேண்டும் என்றாலும் அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றேன். குழுவுக்குப் போகிற குறிப்பில் எத்தனை பேர் ஆட்சேபித்தார்கள் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அங்கே நம்மிடமிருந்து ஒன்றுமே இல்லை என்றால், மக்கள் சம்மதம் என்று படிப்பார்கள். பேசாதவர் ஒத்துக்கொண்டவர் என்பதுதான் அவர்கள் கணக்கு என்று சொன்னேன்.

கொட்டகையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அதில் எனக்கு நம்பிக்கை வந்தது. பின் வரிசையிலிருந்து ஒருத்தர், "டீச்சரம்மா, நாங்கல்லாம் பாஸா பெயிலா, அதையும் சொல்லிடு" என்றார். சிரிப்பு பரவியது. பெரியப்பா சிரிக்கவில்லை.

"நீ சொல்றது நாயமாத்தான் இருக்குது. ஆனா மனு வேணும்னா அவரே கேட்டிருப்பாரேம்மா. நேத்துகூட போன்ல பேசினேன். கேக்கலியே."

கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. கூட்டம் கலைந்தது. பாத்திரங்கள் கழுவிய தண்ணீர் கொட்டகைத் தரையில் ஓடி, தூணில் ஒட்டியிருந்த அறிவிப்பின் அடி ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

கெடு முடிவதற்கு முன்னால் வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் காதணி விழா வந்தது. எங்களுக்கும் பத்திரிகை, அமைச்சருக்கும் பத்திரிகை. பெரியப்பா ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்தார். நான் வகுப்பு முடித்து நேரே மண்டபத்துக்குப் போனேன். அமைச்சர் மேடைக்குப் போய்க் குழந்தையை வாழ்த்திவிட்டு இறங்கியபோது எங்கள் ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் விசாரித்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழை எப்படி, மல்லாட்டை எப்படி என்று கேட்டார். அப்பா பதில் சொன்னார். பெரியப்பா மெதுவாக, நம்ம விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார்.

அமைச்சரின் முகத்தில் ஒரு கணம் சங்கடம் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தேன்.

"அண்ணே, கமிட்டில இருக்கேன் இல்லீங்களா. இப்ப அதப் பத்தி நான் வெளிய ஒரு வார்த்த பேசக்கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

உண்மையைத்தான் சொன்னார். இதைவிட நேர்மையாக ஒரு அமைச்சர் சொல்ல முடியாது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வேனில் திரும்பும்போது அதுதான் பேச்சு. எவ்வளவு ரகசியமாக வேலை செய்கிறார் பார், சொன்னால் கெட்டுவிடும் என்று அடக்கி வாசிக்கிறார் பார் என்றார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் என்னிடம் பேசினார்.

"என் கையப் புடிச்சிகினே இருந்தாரு. கண்ணு மட்டும் வாசப்பக்கம் இருந்துச்சு. சந்தைல மாட்டுக்குக் கொற இருந்தா விக்கறவன் அப்படித்தான் நிப்பான்." கொஞ்சம் நிறுத்தி, "மனு எழுதிடும்மா" என்றார்.

நான் நன்றாக எழுதினேன். நிலத்தின் விவரம், நீர் ஆதாரம், வருஷத்தில் என்னென்ன விளைகிறது, எடுத்தால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று வகைப்படுத்தி, எந்தப் பிரிவின் கீழ் ஆட்சேபிக்கிறோம் என்று குறிப்பிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழியா என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். கெடுவின் கடைசி நாள் இருவரும் பஸ்ஸில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். மனுவை வாங்கி முத்திரை குத்திய பெண் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லையே என்றாள். வருவார்கள் என்று அப்பா சொன்னார்.

ஊருக்கு விஷயம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

யாரும் வந்து சண்டை போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சொசைட்டியில் அம்மா பால் ஊற்றப் போனால் பேச்சு நின்றது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். மல்லாட்டை பிடுங்குகிற நாள் வந்தது. எங்கள் ஊரில் அதற்குக் கூலி ஆளைவிட மாற்று ஆள்தான் ஜாஸ்தி. இன்றைக்கு உன் கொல்லியில் நான், நாளைக்கு என் கொல்லியில் நீ. அப்பா அந்த வருஷம் ஏழெட்டுக் கொல்லிகளுக்குப் போயிருந்தார். எங்கள் முறை வந்தபோது ஒருவருக்கும் ஒழியவில்லை. ஒருவருக்கு ஜுரம், ஒருவர் வேலூர் ஆஸ்பத்திரி, ஒருவர் வீட்டில் விருந்தாளி. நான் மையத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மூன்று பேரும் பிடுங்கினோம். ஈரம் காய்ந்து மண் இறுகிவிட்டதால் பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. காக்கைகள் பின்னாலேயே வந்தன.

பெரியப்பா ஒருநாள் வழியில் என்னைப் பார்த்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அது இன்னும் மோசமாக இருந்தது.

குழு கூடியது என்ற செய்தி ஒருநாள் வந்தது. என்ன பேசினார்கள் என்று வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வகுப்பின் நடுவே இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் அமைச்சரவை கூடியது. நிறைய முடிவுகள் அறிவித்தார்கள். எங்களுடையது நடுவில் எங்கோ ஒரு வரி. நகரியத் திட்டத்துக்கு அமைச்சர்கள் குழு செய்த பரிந்துரை ஏற்கப்பட்டது, அவ்வளவுதான். குழுவின் வேலை அத்தோடு முடிந்தது. அதன்பிறகு அப்படி ஒரு குழு இருந்தது என்றே யாரும் பேசவில்லை.

செய்தியாளர்களிடம் துறை அமைச்சர் பேசுவதைச் சொசைட்டி டிவியில் போட்டார்கள். நானும் போயிருந்தேன். நிலம் தருவதில் மக்களுக்கு வருத்தம் இல்லையா என்று ஒரு நிருபர் கேட்டார். முறையாக அவகாசம் கொடுத்தோம், அந்த ஊரில் ஒரே ஒருவரைத் தவிர யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை, மக்கள் மனமுவந்து ஒத்துழைக்கிறார்கள் என்றார் அவர். அவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் எங்கள் அமைச்சர் நின்றுகொண்டிருந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பேசுகிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரே ஒருவரைத் தவிர என்ற வார்த்தை வந்ததும் கொட்டகையில் இருந்த தலைகள் என் பக்கம் திரும்பின. நாங்கள் மனு கொடுத்தது அவர் காதுக்குப் போய், அவர் மனம் விட்டுவிட்டார் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். அப்படித்தான் நடந்திருக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். அன்று மாலைக்குள் அது ஊரின் முடிவாகிவிட்டது. உள்ளே உட்கார்ந்து நமக்காகப் போராடியவரின் முதுகில் குத்தியது எங்கள் வீடு. நான் மறுத்துப் பேசவில்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை மறுக்க எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

விசாரணைக்கு அப்பாவை மட்டும் கூப்பிட்டார்கள். ஆட்சேபித்தவருக்குத்தான் விசாரணை. பழைய மின்விசிறி சுழல்கிற ஒரு அறை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், மனுவை முழுதாகப் படித்திருந்தார், நன்றாக எழுதியிருப்பதாக என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"ஊர்ல மத்தவங்க யாரும் எதிர்க்கலியேங்க. உங்களுக்கு மட்டும் இன்னா பிரச்சன?"

"அவங்களும் எதிர்க்கறாங்க சார். அவங்க வேற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டாங்க."

"யார்கிட்ட?"

அப்பா மேசையின் விளிம்பைப் பார்த்தார். அமைச்சரின் பெயரைச் சொல்லியிருந்தால் அது பதிவாகியிருக்கும். ஊர் முழுக்க எதிர்த்தது, இன்னாரிடம் போய்ச் சொன்னது என்று ஒரு காகிதத்திலாவது ஏறியிருக்கும். நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே என் மணிக்கட்டில் கை வைத்தார். வெற்றிலை வாங்கியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது போலிருக்கிறது. அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார். கடைசியில், உங்கள் நிலம் பரிசீலனையில் இருக்கும், தகவல் வரும் என்றார்.

தகவல் இன்னும் வரவில்லை.

எல்லைக் கல் நட வந்தார்கள். எங்கள் நிலத்தை விட்டுவிட்டு மற்றதில் எல்லாம் நட்டார்கள். கிழக்கே பெரியப்பாவின் கழனி, மேற்கே பக்கத்து வீட்டு அண்ணனின் கொல்லி, வடக்கும் தெற்கும் அப்படியே. சிவப்புப் பூசிய கற்கள் நான்கு பக்கமும் எங்கள் வரப்புக்கு வெளியே வரிசையாக நின்றன. ஊரில் இது வேறு மாதிரி பேசப்பட்டது. அவர்கள் நிலம் மட்டும் எப்படித் தப்பியது, மகள் என்ன வேலை செய்தாள் என்றார்கள். பெரியப்பா கடைசி அறுவடை முடித்த அன்று கழனி நடுவில் தனியாக நின்றதை நான் எங்கள் கிணற்று மேட்டிலிருந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கையை உயர்த்தலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார்.

நிலம் தப்பவில்லை என்று அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. எங்கள் நிலத்துக்குத் தனி வழி கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பெரியப்பாவின் வரப்பில்தான் நடந்து போவோம். ஏர் போனதும், டிராக்டர் போனதும், நெல் வந்ததும் அதன் வழியாகத்தான். கேட்டு நடந்ததில்லை, கேட்க வேண்டியிருந்ததும் இல்லை. இப்போது அந்த வரப்பு அரசாங்கத்துடையது. தைக்குப் பிறகு இரும்புக் கம்பங்கள் வந்தன, கம்பி வலை வந்தது, ரோட்டோரம் ஒரு கேட் வந்தது. கிணற்றுக்கு வருகிற கரண்டுக் கம்பியும் வலைக்கு உள்ளேதான் போகிறது. அதை எடுக்கப் போகிறார்களா என்று மின்வாரியத்தில் போய்க் கேட்டேன். தங்களுக்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை என்றார்கள். வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

கொஞ்ச நாள் கேட் திறந்தே கிடந்தது. அப்பா போய்வந்துகொண்டிருந்தார். நாற்று விட்டார். போன வாரம் ஒரு காவலாளியைப் போட்டார்கள். வெளி மாவட்டத்துக்காரர், இளவயது, முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. நேற்று எனக்கு வகுப்பு இல்லாததால் அப்பாவோடு நானும் போனேன். காலை வெயில் மலையின் இந்தப் பக்கம் இறங்கியிருந்தது. கேட் சாத்தியிருந்தது. காவலாளி எழுந்து வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"என் நெலத்துக்கு" என்றார் அப்பா.

காவலாளி உள்ளே திரும்பிப் பார்த்தார். வெட்டவெளியாகக் கிடந்த நிலப்பரப்பின் நடுவில் எங்கள் நாற்று ஒரு பச்சைத் துண்டாகத் தெரிந்தது. உள்ளே யாருக்கும் நிலம் இருப்பதாகத் தனக்குச் சொல்லவில்லையே என்றார். நான் மனு, விசாரணை, பரிசீலனை எல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதெல்லாம் தனக்குத் தெரியாது, மேலே கேட்டுத்தான் விட முடியும் என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டேன். அதுவும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள், அதில் கேட்கிறேன் என்றார்.

போனைக் காதில் வைத்து, "சார், உள்ள ஒரு பட்டா நெலம் இருக்குதாம் சார்" என்றார். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை எங்களைப் பார்த்தார். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசியபடி சில அடி தள்ளிப் போனார்.

அப்பா மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். நாற்றுக்குத் தண்ணி பாய்ச்சி மூன்று நாளாகிறது என்று என்னிடம் சொன்னார். காவலாளி பேசி முடிக்கட்டும் என்று இருவரும் வலைக்கு வெளியே நின்றோம்.